விரல் தூக்கினால் உன் முறை

பிப்ரவரி 9

பாப்புவுக்கு,

அம்மாதான் எழுதுகிறேன். கையெழுத்தைப் பார்த்ததும் ஓரமாகத் தள்ளிவிடாதே. அப்பாவுக்கு மூளையில் ரத்தம் கட்டிவிட்டது. ஆஸ்பத்திரியில் கிடந்து போன வாரம்தான் வீட்டுக்கு வந்தார். வலது கையும் காலும் விழுந்துவிட்டன, வாய் ஒரு பக்கம் இழுத்துக்கொண்டது. உனக்குப் போன் செய்யலாம் என்றால் என் காது லட்சணம் உனக்குத் தெரியும். நீ பேசுவது எனக்கு ஈ பறக்கிற மாதிரி கேட்கும். எதிர் வீட்டுப் பெண்ணைப் பேசச் சொல்லலாம். ஆனால் இதை இன்னொருத்தி வாயால் உனக்குச் சொல்ல மனசு வரவில்லை.

ஊர்ப் பிள்ளைகளுக்கெல்லாம் இங்கிலீஷ் சொல்லிக் கொடுத்த மனுஷனுக்கு இப்போது 'தண்ணி' என்று சொல்ல வரவில்லை. என் பெயர் வரவில்லை. அது எப்போது வந்தது? 'இந்தா' என்பதுதானே என் பெயர். அந்த 'இந்தா'வும் போய்விட்டது.

ஆனால் முந்தாநாள் காலையில் முகம் துடைத்துவிட்டுக்கொண்டிருந்தபோது தெளிவாக, பாடம் எடுக்கிற குரலில், 'வாக்' என்றார். வாத்தியார் பெண்டாட்டிக்கு அவ்வளவு இங்கிலீஷாவது தெரியாதா? நடக்கவேண்டும் என்கிறார் என்று எதிர் வீட்டுப் பெண்ணையும் கூப்பிட்டுத் தூக்கி நிறுத்தினேன். இடது கையால் என் தோளில் ஓர் அடி வைத்தார். பிறகு 'ஓப்பன்' என்றார். ஜன்னலைத் திறந்தேன், அலமாரியைத் திறந்தேன், அவர் கண்ணாடிக் கூட்டைக்கூடத் திறந்து காட்டினேன். அதுவும் இல்லையாம். 'குக்' என்றார், போய் அடுப்பைப் பற்றவைத்தேன். 'வாஷ்' என்றார், துவைத்த போர்வையை மறுபடி துவைத்தேன். சாயங்காலம் எனக்கு முதுகு விட்டுப்போயிற்று. அவர் சொன்னதைச் செய்தே பழகிவிட்டேன், வேறென்ன செய்வேன் சொல்.

இன்னொரு தடவை வந்தால் தாங்க மாட்டார் என்று டாக்டர் சொல்லிவிட்டார். சுற்றி வளைக்கவில்லை, நேரடியாகக் கேட்கிறேன். ஒரு தடவை வந்து பார்த்துவிட்டுப் போ.

அம்மா

பிப்ரவரி 21

அம்மா,

உன் கடிதத்தை எங்கள் மூக்குக்கண்ணாடிக் கடையில் வைத்துப் படித்தேன். அதன் பிறகு தேய்த்த இரண்டு லென்ஸும் வீணாகிவிட்டன.

உனக்காக வருத்தப்படுகிறேன். தனியாக அவரைத் தூக்காதே, உன் முதுகைப் பார்த்துக்கொள். உன் காது மிஷினுக்கு செல் வாங்கி இதோடு அனுப்பியிருக்கிறேன். செல் தீர்ந்துவிட்டது என்று மிஷினை டப்பாவில் போட்டு வைத்திருப்பாய், உன்னை எனக்குத் தெரியாதா.

ஆனால் நான் வரமாட்டேன். காரணம் உனக்கும் தெரியும். படிப்பைப் பாதியில் விட்டுவிட்டு இவரைக் கட்டிக்கொண்டு வந்தது அப்பாவுக்குப் பிடிக்கவில்லை, சரி. திட்டியிருக்கலாம், அடித்திருக்கலாம். நான் முதல் மாதமே மன்னிப்புக் கேட்டு நாலு பக்கம் எழுதினேன். அவருக்குப் பெருமையாக இருக்கட்டும் என்று இங்கிலீஷில் எழுதினேன். அதே நாலு பக்கம் திரும்பி வந்தது. தப்பையெல்லாம் சிவப்பு மசியில் சுழித்து, ஓரத்தில் சரியான வினைச்சொல்லை எழுதி, கடைசியில் பத்துக்கு ஆறு. ஒரு வார்த்தை இல்லை. எப்படி இருக்கிறாய் என்றுகூட இல்லை. கவரை உதறிப் பார்த்தேன் அம்மா, வேறு ஏதாவது விழுமா என்று.

அவர் சொல்கிற வார்த்தைகளை நினைத்துக் குழப்பிக்கொள்ளாதே. வாத்தியார்தானே, ஏதோ பாடம் சொல்கிறார். ஓடி ஓடி வேலை செய்யாதே.

பாப்பு

மார்ச் 6

பாப்பு,

செல் வந்தது. மிஷின் டப்பாவில்தான் இருந்தது, போ.

அதை மாட்டிக்கொண்டு அவர் பக்கத்தில் உட்கார்ந்த பிறகு ஒன்று புரிகிறது. அவர் என்னை எதுவும் செய்யச் சொல்லவில்லை. 'வாக்' என்கிறார். பிறகு இடது ஆள்காட்டி விரலை மட்டும் தூக்கிக்கொண்டு வாசல் கதவைப் பார்க்கிறார். அப்படியே இருக்கிறார். கை நடுங்கும்வரை இருக்கிறார். பிறகு விரலை இறக்கிவிட்டு மறுபடி 'வாக்'. மறுபடி விரல். எனக்குப் பார்க்க முடியவில்லை.

பேச்சுப் பயிற்சி கொடுக்க ஒரு பெண் வருகிறாள். "பழகின வார்த்தைங்க மட்டும் சில பேருக்கு மிச்சம் இருக்கும்மா. ஒரு இடத்துல மாட்டிக்கிட்டு நிக்கும், கண்டுக்காதீங்க" என்கிறாள். படித்தவள், சரியாகத்தான் சொல்வாள். ஆனால் மாட்டிக்கொண்டவர் முகம் அப்படி இருக்காது. பஸ்ஸுக்கு நிற்கிறவர் முகம் மாதிரி இருக்கிறது.

நீ சின்னவளாக இருக்கும்போது தினம் அவர் சைக்கிளில் முன்னால் உட்கார்ந்து பள்ளிக்கூடம் போனாய். தெருக்கோடி திரும்புகிறவரை இரண்டு பேரும் ஏதோ இங்கிலீஷில் மாறி மாறிச் சொல்லிக்கொண்டு போவீர்கள். எனக்கு அப்போது காது நன்றாகவே கேட்கும் பாப்பு. உனக்குத் தெரிந்ததை என்னிடம் மறைக்கிறாய். அவர்மேல் கோபம் என்றால் அவரிடம் காட்டு, என்னைச் சுற்றலில் விடாதே.

அம்மா

மார்ச் 17

அம்மா,

ஆமாம், தெரியும். உன் முதல் கடிதத்திலேயே தெரிந்துவிட்டது.

அது எங்கள் சைக்கிள் பாடம். ஒரு வினைச்சொல்லை எடுத்து எல்லாக் காலத்திலும் மாற்றிச் சொல்லவேண்டும், ஆளுக்கு ஒன்றாக. அவர் 'வாக்' என்று ஆரம்பித்துவிட்டு ஹேண்டில்பாரிலிருந்து ஒரு விரலைத் தூக்குவார். தூக்கினால் என் முறை. நான் 'வாக்டு' என்பேன். அவர் 'வில் வாக்'. நான் 'இஸ் வாக்கிங்'. அவர் 'ஹேவ் வாக்டு'. நான் 'ஹேட் வாக்டு'. அவர் 'வுட் வாக்'. நான் 'வுட் ஹேவ் வாக்டு'. பள்ளிக்கூட கேட் வந்ததும் சைக்கிளை நிறுத்தி, மறுபடி 'வாக்' என்பார். அது கட்டளை. நான் இறங்கி உள்ளே நடந்துவிடவேண்டும். மறுநாள் வேறு சொல்.

எனக்கு மறந்துபோனால் அவர் சொல்லித் தரமாட்டார். மணி அடித்தாலும் சரி, மழை வந்தாலும் சரி, விரலைத் தூக்கிக்கொண்டு நிற்பார். எனக்கு வரும்வரைக்கும் நிற்பார். ஒரு தடவை கேட்டை மூடிவிட்டார்கள், அப்போதும் நின்றார்.

இப்போதும் அப்படித்தான் நிற்கிறார். எனக்காக. நான் வரமாட்டேன். அவர் நினைத்தபோது விரலைத் தூக்குவார், நான் ஓடி வந்து பதில் சொல்லவேண்டுமா? நான் கேட்டதற்கு அவர் என்ன பதில் சொன்னார்?

நீ சொல்லு அம்மா. என் பங்கு நாலே நாலுதான், மேலே எழுதியிருக்கிறேன். அவர் கேட்கிற சொற்கள் எல்லாம் ஒரே மாதிரிதான் மாறும். அடம் பிடிக்கிற சொற்களை அவர் சைக்கிளில் ஏற்றவே மாட்டார். 'டு' சேர்த்துக்கொள், 'இங்' சேர்த்துக்கொள், போதும்.

பாப்பு

ஏப்ரல் 4

பாப்பு,

கேள்.

உன் நாலையும் சமையல் மேடைக்கு மேலே ஒட்டிவைத்து மூன்று நாள் மனப்பாடம் செய்தேன். இந்த வயதில் எனக்குப் பரீட்சை. பிறகு அவர் எதிரில் நாற்காலி போட்டு உட்கார்ந்தேன். 'வாக்' என்று விரலைத் தூக்கினார். 'வாக்குடு' என்றேன். என்னை ஏற இறங்கப் பார்த்தார். ஏதோ ஜடப்பொருள் பேசிவிட்ட மாதிரி பார்த்தார். பிறகு சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார். எனக்கு வந்த ஆத்திரத்தில் அன்றைக்கு அவருக்குத் தலை சீவிவிடவில்லை.

பயிற்சிக்கு வருகிறவளிடம் சொல்லிக் காட்டித் திருத்திக்கொண்டேன். மறுநாள் 'வாக்டு' என்றேன். அவர் வாய் கொஞ்ச நேரம் திறந்தபடியே இருந்தது. பிறகு 'வில் வாக்' என்றார் பாப்பு. ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பிறகு முதல் தடவையாக அடுத்த சொல். கடைசிவரைக்கும் போனோம். கடைசியில் மறுபடி 'வாக்' என்றார். கட்டளை என்று நீ எழுதியது ஞாபகம் வந்து, எழுந்து சமையலறைவரைக்கும் நடந்துவிட்டுத் திரும்பிப் பார்த்தேன். சிரிக்கிறார். பாதி வாய்தான் சிரிக்கிறது, ஆனால் சத்தம் வருகிறது.

இப்போது நாள் முழுக்க இதுதான். காலையில் 'வாஷ்', மத்தியானம் 'குக்'. துணி மடிக்கும்போது அவராகவே 'ஃபோல்டு' என்கிறார். எனக்கு அர்த்தம் பாதி தெரியாது, நான் விடுவதில்லை. கல்யாணம் ஆனதிலிருந்து நானும் அவரும் இவ்வளவு நேரம் எதிரெதிரே உட்கார்ந்து பேசியதே கிடையாது. எனக்குக் கொஞ்சம் வெட்கமாகக்கூட இருக்கிறது. சிரிக்காதே.

ஒன்று சொல்லவேண்டும். நீ எழுதிய அந்த நாலு பக்கம். அதைத் திருத்தும்போது நான் பக்கத்தில்தான் இருந்தேன். "இந்தத் தப்பெல்லாம் இவ பண்ண மாட்டா. அழுதுக்கிட்டே எழுதியிருக்கா" என்றார். "ரெண்டு வார்த்தை எழுதுங்களேன்" என்றேன். "திருத்தி அனுப்பினா திரும்ப எழுதி அனுப்பணும்னு அவளுக்குத் தெரியாதா? அனுப்புவா, அப்ப பேசிக்கறேன்" என்றார். அதற்கப்புறம் எத்தனை மாதம் கீழே இறங்கிப்போய்த் தபால்பெட்டியைத் திறந்து பார்த்தார் என்று எனக்குத்தான் தெரியும். அவருக்குத் தெரிந்த வழி அது ஒன்றுதான். முட்டாள்தனமான வழி. நான் அப்போதே உனக்கு எழுதியிருக்கவேண்டும், எனக்கும் வீம்பு.

ஒவ்வொரு சுற்று முடிந்ததும் இன்னும் கதவைப் பார்க்கிறார். நான் உன் இடத்தில் உட்கார்ந்திருக்கிறேன், அவ்வளவுதான். அது இருக்கட்டும், 'வுட் ஹேவ்' என்றால் என்ன? நீ சத்தத்தை மட்டும் எழுதினாய், அர்த்தம் எழுதவில்லை.

மாப்பிள்ளையைக் கேட்டதாகச் சொல்.

அம்மா

ஏப்ரல் 15

அம்மா,

'மாப்பிள்ளை' என்று எழுதியிருக்கிறாய். இவரிடம் அந்த வரியைக் காட்டினேன். "இது நான்தானா?" என்று கேட்டுவிட்டு, லென்ஸ் மாட்டிக்கொண்டிருந்த ஃபிரேமைக் கீழே வைத்துவிட்டார்.

'வுட் ஹேவ் வாக்டு' என்றால் 'நடந்திருப்பேன்'. நடக்கவில்லை என்று அர்த்தம். ஏதோ ஒன்று சரியாக இருந்திருந்தால் நடந்திருப்பேன், அப்படி. சின்ன வயதில் எனக்கு இது ஒன்றுதான் நாக்கில் சிக்கும்.

திருத்திய தாளைத் திரும்ப எழுதித் தரவேண்டும் என்று எனக்குத் தெரியும் அம்மா. அவர் வகுப்பில் எல்லாப் பிள்ளைக்கும் தெரியும். நான் அவருக்குப் பிள்ளை, வகுப்புப் பிள்ளை இல்லை என்று நினைத்தேன். அவர் கீழே இறங்கிப் போய்ப் பெட்டியைத் திறந்தார் என்று படித்ததிலிருந்து எனக்கு வேறு எதுவும் ஓடவில்லை. கடை மிஷின் முன்னால் உட்கார்ந்து லென்ஸ் தேய்த்துக்கொண்டே 'பாலிஷ், பாலிஷ்டு' என்று முணுமுணுக்கிறேன். பக்கத்து ஆள் என்னைப் பார்த்துவிட்டுத் தள்ளி உட்கார்ந்துகொண்டான்.

இன்னொன்றும் சொல்கிறேன், கோபித்துக்கொள்ளாதே. அவர் உன்னோடு சிரித்தார் என்று படித்ததும் எனக்குப் பொறாமையாக இருந்தது. என்னோடு அவர் ஒரு நாளும் சிரித்ததில்லை. அது என் பாடம். அதை நான் உனக்கு எழுதிக் கொடுத்துவிட்டேன்.

வருகிறேன். மே 3ஆம் தேதிக்கு ரயில் டிக்கெட் எடுத்துவிட்டேன். அந்த நாலு பக்கத்தையும் சரியாக எழுதிக் கொண்டுவந்து அவர் கையில் கொடுப்பேன். பத்துக்குப் பத்து வாங்காமல் திரும்பமாட்டேன். அவரிடம் சொல்லாதே. இல்லை, சொல்லிவிடு. பாப்பு வந்து அவள் பங்கை அவளே சொல்வாள் என்று சொல்லு.

பாப்பு

ஏப்ரல் 24

பாப்பு,

சொன்னேன். காதருகே போய், "பாப்பு வரா, மே மூணாந்தேதி வரா, அவ பங்க அவளே சொல்லுவா" என்றேன். என் மணிக்கட்டைப் பிடித்தார், விடவே இல்லை. இடது கையில் இவ்வளவு பலம் இருக்கிறது என்று எனக்குத் தெரியாது.

அன்றைக்கே சவரம் செய்துவிடச் சொல்லிக் கன்னத்தைக் காட்டினார். வெள்ளைச் சட்டைதான் வேண்டுமாம், பையில் சிவப்புப் பேனா வேண்டுமாம். வாயைத் திறக்காமலே என்னை ஆட்டிவைக்கிறார்.

ஆனால் என்னோடு விளையாட்டை நிறுத்திவிட்டார். நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தால் உதட்டை இறுக்கிக்கொண்டு தலையை ஆட்டுகிறார். நானே 'வாக்' என்று ஆரம்பித்துப் பார்த்தேன். விரலை உதட்டில் வைத்து, பிறகு கதவைக் காட்டினார். உனக்காகப் பத்திரப்படுத்துகிறார். சரிதான், மகள் வருகிறாள் என்றதும் பெண்டாட்டி எதற்கு? சும்மா சொல்கிறேன். வீடு மறுபடி அமைதியாகிவிட்டது, அதுதான்.

சீக்கிரம் வா. உன் கட்டிலுக்கு விரிப்பு மாற்றியாயிற்று.

அம்மா

மே 1

அம்மா,

கடையில் லீவு இல்லை என்று எழுத நினைத்தேன். உன்னிடம் எதற்குப் பொய்? பயமாக இருக்கிறது. அந்த நாலு பக்கத்தையும் திரும்ப எழுத உட்கார்ந்தேன். மூன்றாவது பக்கத்தில் மறுபடி கோபம் வந்து, எல்லாவற்றையும் கிழித்துப் போட்டுவிட்டேன். வெறும் கையோடு அவர் முன்னால் வந்து நிற்க என்னால் முடியாது. டிக்கெட்டை ஒரு வாரம் தள்ளிப் போட்டிருக்கிறேன். மே 10 கட்டாயம். இத்தனை வருஷம் நின்றவர், ஒரு வாரம் நிற்கமாட்டாரா? எதிர் வீட்டுப் பெண்ணுக்கும் போன் செய்து சொல்லிவிட்டேன்.

பாப்பு

ஜூன் 2

அம்மா,

இங்கே திரும்பி வந்து இரண்டு வாரம் ஆகிறது. ஒன்பதாம் தேதி காலையில் அப்பா போய்விட்டார் என்று எதிர் வீட்டு அக்கா போன் செய்தபோது பெட்டி கட்டி வாசலில் இருந்தது. நாலு பக்கமும் எழுதி முடித்து மேலாக வைத்திருந்தேன். அதை அவர் சட்டைப் பையில் வைத்துத்தான் அனுப்பினேன். நீ பார்த்தாய்.

நான் இருந்த நாட்களில் நீ என்னிடம் பேசவில்லை. சாப்பிடு என்றாய், தூங்கு என்றாய், ரயிலுக்கு நேரமாகிறது என்றாய். அழக்கூட இல்லை. நான் உன் மடியில் தலை வைத்தபோது கையைத் தலையில் வைத்தாய், ஆனால் மனசு வேறெங்கோ இருந்தது. என்னைத் திட்டு அம்மா. நான் அந்த ஒரு வாரத்தை எதற்குத் தள்ளிப்போட்டேன் என்று தினம் என்னையே கேட்டுக்கொள்கிறேன். கடைசியில் அவர் ஏதாவது சொன்னாரா? அதையாவது எழுது. நீயும் திருத்தி மட்டும் அனுப்பிவிடாதே.

பாப்பு

ஜூன் 14

பாப்பு,

திட்டச் சொல்கிறாய். சரி, திட்டுகிறேன்.

அவர் ஒன்றும் சொல்லவில்லை. நீ வருகிறாய் என்று நான் சொன்ன நாளிலிருந்து அவர் ஒரு சொல்லும் பேசவில்லை. மூன்றாம் தேதி வெள்ளைச் சட்டையோடு சாயங்காலம்வரை கதவைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். உன் போன் சேதியை அதற்குமேல் மறைக்க முடியாமல், அடுத்த வாரம்தான் வருவாள் என்று சொன்னேன், தலையை ஆட்டினார், கோபப்படவில்லை. உனக்காக நிற்பது அவருக்குப் பழகின வேலை. ஆனால் அந்த வாரமும் என்னோடு பேசவில்லை. நான் கெஞ்சினேன். "ஒரே ஒரு சுத்துங்க, அவ வர வரைக்கும்" என்று கெஞ்சினேன். அவர் என் கையைத் தட்டிக்கொடுத்தார். அப்படியே போய்விட்டார்.

என் ஆயுசுக்கும் அவர் என்னோடு பேசியது அந்தக் கொஞ்ச நாள்தான் பாப்பு. சைக்கிளில் உனக்கு எத்தனை வருஷம் கிடைத்தது. எனக்குக் கிடைத்தது ஒரு மாதம்கூட இல்லை. அதையும் 'பாப்பு வருகிறாள்' என்று நானே வாயைத் திறந்து சொல்லி, உன் கையில் தூக்கிக் கொடுத்தேன். நீ வாங்கிக்கொள்ள வரவில்லை. அதனால்தான் பேசவில்லை. உன்னைப் பார்த்தால் அதுதான் வாயில் வரும், பிணத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு அதைச் சொல்லக்கூடாது என்று வாயை மூடிக்கொண்டேன். இப்போது சொல்லியாயிற்று.

உன் காகிதத்தை அவர் பையில் வைத்தாயே, நான் பார்த்தேன். சிவப்புப் பேனாவும் அதே பையில்தான் இருந்தது. எடுக்காமல் விட்டுவிட்டேன்.

வீட்டில் இப்போது நான் மட்டும்தான். காலையில் தரை துடைக்கும்போது வாய் தானாக ஆரம்பித்துவிடுகிறது. முதலில் உன் நாலையும் சொன்னேன். நடுவில் வெறுமையாக இருந்தது, அதனால் அவருடையதையும் நானே சொன்னேன். அவர் பங்கை நான் உட்கார்ந்து மனப்பாடம் செய்யவில்லை என்றாலும் எனக்குத் தெரியும். எங்கே மூச்சு விடுவார், எதை இழுப்பார், எல்லாம் அவர் வாயைப் பார்த்தே படித்தது. 'வுட் ஹேவ்' வரும்போது மட்டும் எனக்கு நிற்கவேண்டியிருக்கிறது. அர்த்தம் தெரியாமலே இருந்திருக்கலாம்.

வரும்போது மாப்பிள்ளையையும் கூட்டிக்கொண்டு வா. இந்தத் தடவை தேதி சொல்லாதே, வந்து கதவைத் தட்டு, மிஷினை மாட்டிக்கொண்டுதான் இருக்கிறேன். எனக்கு இன்னும் கோபம் தீரவில்லை, அதற்காக நீ வராமல் இருக்காதே. அவர் பங்கை நான் சொல்கிறேன், உன் பங்கை நீ சொல்லு.

ஆரம்பிக்கிறேன். வாக்.

விரலைத் தூக்கியாயிற்று. கை வலிக்கிறது, சீக்கிரம் வா.

அம்மா